வீட்டுப் பூனையும் வந்த பூனையும்



கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலான நமது கரையோர ஊர்களிலே பூனை நடமாட்டம் இல்லாத வீட்டைத் தேடித்தான் காணவேண்டும். மீன் அரியும் உம்மாவின் அருகே ஒன்று காத்திருக்கும். விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் ஒன்று உறங்கும். மதிலின்மீது அமர்ந்து அடுத்த வளவை நோட்டமிடுவது மற்றொன்று. இப்பிரியத்துக்கு மார்க்கத்தின் சார்பும் உண்டு. நபித்தோழர் அபூஹுரைரா அவர்களின் பெயருக்குப் பூனைக்குட்டியின் தந்தை என்பதே பொருள். உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, அபூகதாதா அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வரும் பிராணிகளுள் ஒன்று என்ற கருத்தில் நபிமொழியை எடுத்துரைத்ததையும் நாம் கேட்டிருக்கின்றோம்.

ஆகவே சந்தை மூலையிலோ பள்ளிவாசல் மதிலோரத்திலோ கடுதாசிப் பெட்டியொன்றில் குட்டிகளை யாரேனும் விட்டுச் சென்றால், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் அவற்றுள் ஒன்றையாவது தூக்கி வராமல் இருப்பதில்லை. வந்த குட்டிக்கு உடனே பால் கிடைக்கும், சோறு கிடைக்கும். எங்கே? பழைய பூனை உண்ணும் அதே பிங்கானில். அன்றிரவு அது படுப்பதும் பழைய பூனையின் சாக்கிலேயே. இரக்கத்தால் செய்யப்படும் இந்தக் காரியத்திலிருந்து எத்தகைய துன்பம் விளையக்கூடும் என்பதையும், அதனைத் தடுக்கும் வழி எவ்வளவு எளிது என்பதையும் எடுத்துக் கூறவே இன்று முற்படுகின்றேன்.

துன்பம் வரும் விதம் பெரும்பாலும் இவ்வாறிருக்கும். குட்டி இரண்டொரு நாள் துள்ளி விளையாடும். பின்னர் சோர்ந்து படுக்கும், நுரை நுரையாகவோ மஞ்சளாகவோ வாந்தி எடுக்கும், கழியும், சில வேளை ஓரிரவிலே மாண்டும் போகும். பால் குடி மறந்த குட்டிதானே, பிழைக்கவில்லை என்று வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொள்வர். ஆனால் அடுத்த கிழமைக்குள் நான்கைந்து ஆண்டுகளாக வீட்டோடு வளர்ந்த பூனையும் உணவை வெறுக்கும். தண்ணீர்க் கோப்பையின்மேல் தலையைத் தொங்கவிட்டபடி மணிக்கணக்காக அமர்ந்திருக்கும். நாவை நனைக்கவும் மாட்டாது. அதுவும் போய்விடும். அப்போது எழும் பேச்சு ஒன்றே: "யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள்."

யாரோ என்று தொடங்கும் பேச்சு அவ்வளவில் நிற்பதில்லை. நமது ஊர்களிலே வளவுகள் ஒன்றோடொன்று நெருங்கியவை. ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மறு வீட்டுக் கூரைக்குப் பூனை ஒரே தாவலில் சென்றுவிடும். மீனைத் தூக்கிச் சென்ற பழைய கதை நினைவுக்கு வரும். கோழிக்குஞ்சு காணாமற்போன கதை நினைவுக்கு வரும். முடிவில் பக்கத்து வீட்டாரோடு முகங்கொடுத்துப் பேசாத நிலையும் ஏற்படும். உண்மையிலே நஞ்சு வைப்போர் இல்லை என்று நான் கூறவில்லை. ஆயினும், இவ்வாறு திடீரென மாளும் பூனைகளைக் கண்டு நஞ்சென ஐயுறுவது உலகெங்கும் நிகழ்வது. கால்நடை வைத்திய நூல்கள் இந்நோயைப் பற்றிப் பேசும்போது இதனையும் ஓர் எச்சரிக்கையாகவே குறித்து வைத்துள்ளன.

அந்நோய்க்கு வைத்தியர் வழங்கும் பெயர் பன்லூக்கொபீனியா. நாம் பூனைக் கழிச்சல் என்று வைத்துக்கொள்வோம். அதனை உண்டாக்குவது நுண்ணுயிர் வடிகட்டியிலும் தங்காத ஒரு வைரசு என்பதை 1928ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர் வெர்ஜ், கிறிஸ்டொஃபொரொனி ஆகியோர் காட்டினர். உடலில் விரைவாகப் பெருகும் உயிரணுக்களையே இவ்வைரசு நாடிச் செல்லும். குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும் அத்தகையவை. குடற்சுவர் உரிவதனால் கழிச்சல். மச்சை கெடுவதனால் நோயெதிர்க்கும் வெண்குருதியணுக்கள் அற்றுப்போதல். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஆயிரக்கணக்கில் இருக்கவேண்டியவை சில நூறாகக் குன்றிவிடும். தடுப்பூசி பெறாத இளங்குட்டிகளை இது பற்றி, வைத்தியமும் கிட்டாவிடின், பத்தில் ஒன்பது வரை மாளக்கூடும். சினையாயிருக்கும் தாய்க்கு நோய் கண்டால் பிறக்கும் குட்டிகளின் சிறுமூளை குன்றி, அவை ஆயுள் முழுதும் தள்ளாடித் தள்ளாடியே நடக்கும். இத்தகைய குட்டிகளைக் கண்டு, யாரோ அடித்துவிட்டார்கள் என இரங்குவோரும் உளர். இவ்வைரசின் நெருங்கிய உறவொன்றே 1978ஆம் ஆண்டில் உலகெங்குமுள்ள நாய்களிடையே பரவி, பார்வோ என்ற பெயரில் இன்றும் நாய்க்குட்டிகளைக் கொன்று வருகின்றது.

இந்நோயின் கொடுமை அதன் வேகத்தில் மட்டுமன்று, அதன் ஆயுளிலும் உள்ளது. நோயுற்ற பூனையின் மலத்தில் வெளிப்படும் வைரசு, தரையிலும் மண்ணிலும் சாக்கிலும் ஓராண்டு வரை அழியாது கிடக்க வல்லது. நோயிலிருந்து தப்பிய பூனையும் சில வாரங்கள் வரை மலத்தில் அதனைக் கழித்துக்கொண்டிருக்கும். நமது கரையோர வளவுகளோ மணல் வளவுகள். பூனைகள் மலங்கழித்து மூடுவதற்கு அவற்றைவிட உகந்த இடம் வேறில்லை. சீமெந்துத் தரையைக் கழுவலாம். மணலை எவ்வாறு கழுவுவது? "இந்த வீட்டுக்குப் பூனை ராசியில்லை, எத்தனை குட்டி கொண்டுவந்தாலும் தங்குவதில்லை" என்று சில வீடுகளில் கூறுவார்கள். அந்த ராசியின் இருப்பிடம் பெரும்பாலும் கொல்லை மணலே. அத்தகைய வீட்டார் ஓராண்டுக்கேனும் புதுக்குட்டி கொண்டுவராதிருத்தல் நன்று. கொண்டுவருவதாயின் தடுப்பூசிகளை முறையே பெற்று முடித்த வளர்ந்த பூனையையே கொண்டுவரவேண்டும்.

இனி, செய்யவேண்டியது யாது? வந்த பூனையைப் பதினான்கு நாள் தனியே வைக்கவேண்டும். இவ்வளவுதான். கழிச்சல் நோய் உடலிற் புகுந்தபின் வெளிப்பட இரண்டு முதல் பத்து நாள் வரை செல்லும். பூனைச் சளிக்காய்ச்சல் அதனினும் விரைவாக வெளிப்படும். ஆகவே பதினான்கு நாள் வரை நலமாயிருக்கும் பூனை அவ்விரண்டையும் உள்ளே மறைத்து வைத்திருக்கவில்லை என ஓரளவு நம்பலாம். இது நமக்குப் புதிய முறையும் அன்று. சந்தையிலே வாங்கிய கோழியை அன்றே கூட்டில் விட்டால் இராணிக்கேத் நோய் கண்டு கூடே காலியாகும் என்பதை நமது தாய்மார் நன்கறிவர். சில நாள் தனியே கட்டி வைத்த பின்னரே கூட்டில் விடுவர். முற்காலத்தில் ஹஜ் யாத்திரை சென்ற கப்பல்கள் தெற்கிலிருந்து செங்கடலினுள் நுழைகையில், கமரான் தீவிலே நிறுத்தப்பட்டு யாத்திரிகர் பரிசோதிக்கப்பட்டனர். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிலே தங்க வைக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றிலே நாமே பதினான்கு நாட் கணக்கை விரல்விட்டு எண்ணியவர்கள் அல்லவா? கோழிக்கும் மனிதனுக்கும் செய்ததைப் பூனைக்குச் செய்ய மட்டும் நாம் தயங்குகின்றோம்.

தயக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. பூனையைக் கட்டிவைத்து உணவளியாது கொன்றமையால் ஒரு பெண் தண்டிக்கப்பட்டாள் என்ற நபிமொழியை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். ஆகவே பூனையை அறையில் அடைப்பதே பாவமென நல்லோர் பலர் எண்ணுகின்றனர். அந்த நபிமொழியின் பொருளை ஊன்றி நோக்கினால், அவள் அதற்கு உணவும் நீரும் கொடுக்கவில்லை, தானே தேடி உண்ணவும் விடவில்லை என்பதே அங்குக் குற்றமாகக் கூறப்படுவதைக் காணலாம். வேளாவேளைக்கு உணவும், தெளிந்த நீரும், படுக்க மெத்தென்ற துணியும், தினமும் இரண்டு மூன்று தடவை அருகிருந்து வருடிக் கொடுக்கும் கையும் உள்ள அறை சிறையாகாது.

மற்றைய காரணம், தொற்று என்பது இல்லை என்ற நபிமொழியை எடுத்துக் காட்டுவோர் கூறுவது. அந்நபிமொழி உண்டு. அதனோடு சேர்த்தே அறிவிக்கப்படும் மற்றொன்றும் உண்டு: நோயுற்ற ஒட்டகங்களை உடையவர், நோயற்ற ஒட்டகங்கள் உள்ள இடத்துக்கு அவற்றை ஓட்டி வரலாகாது என்பது அதன் கருத்து. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அதனைக் காணலாம். இமாம் நவவி முதலான அறிஞர்கள் இரண்டையும் இணைத்தே விளக்கினர். நோய் இறைவன் நாட்டமின்றித் தானாகவே பாயும் என்ற அறியாமைக் கால நம்பிக்கையை முன்னையது மறுக்கின்றது. இறைவன் அமைத்த வழக்கத்தின்படி தீங்கு விளையும் இடங்களை விட்டு விலகியிருக்கப் பின்னையது வழிகாட்டுகின்றது என்பது அவர்கள் கூற்று. ஒட்டகத்தின் நீர்த்துறைக்கு உரிய விதி நமது பூனையின் பிங்கானுக்கும் பொருந்துவதே என்பது என் கருத்து.

தனியறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பின்புறக் குளியலறை போதும். விறகு வைக்கும் கொட்டில் போதும். மருதமுனையிலே தறி நின்றுபோன கூடம் ஏதேனும் இருப்பின் அதுவும் போதும். இரண்டே அறையுள்ள வீடாயின், பெரிய கோழிக்கூடொன்றை நன்கு கழுவிக் காயவைத்து, ஒரு புறத்தைப் பழைய சாறனால் மூடி, பழைய பூனை நெருங்கமுடியாத மூலையிலே வைக்கலாம். தும்மும் பூனையின் சளித்துளி நான்கைந்து அடி வரை செல்லக்கூடுமாதலால் இடைவெளி அதனினும் கூடுதலாக இருக்கவேண்டும். உண்ணும் பிங்கான், நீர்க்கோப்பை, மலங்கழிக்க மணல் பரப்பிய தகரத் தட்டு யாவும் வந்த பூனைக்கென்றே தனியே இருத்தல் வேண்டும். தட்டிலுள்ளதைத் தினமும் அகற்றி, பூனை தோண்டாத இடத்திலே ஆழப் புதைத்துவிடுக. பூனையின் மலத்தினால் கருவுற்ற தாய்மாருக்கு வரக்கூடிய தொக்சோப்பிளாசுமா என்ற நோயும், ஒரு நாளேனும் கிடந்த பழைய மலத்திலிருந்தே தொற்றும். ஆதலால் தினமும் அகற்றுவது அதற்கும் காப்பு. எனினும் கருவுற்றோர் இவ்வேலையைப் பிறரிடம் விடுவதே முறை.

கதவை அடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. கதவின் ஊடாக நோய் வராவிட்டாலும் நம் காலின் ஊடாக வரும். பூனைக் கழிச்சலைப் பரப்பும் பெரிய வாகனம் மனிதனின் செருப்பும் கையும் உடுப்புமே. முதலிலே பழைய பூனைக்கு உணவிட்டு, அதன் பின்னரே புதிய பூனையிடம் செல்லவேண்டும், மாறிச் செல்லலாகாது. அறை வாயிலில் ஒரு சோடிச் செருப்பை வைத்து, அதனை உள்ளே மட்டும் அணிக. வெளியே வந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பிள்ளைகளுக்கு இதனைச் சொன்னால் கேட்பார்களா என்று ஐயுற வேண்டாம். பெரியவர்கள் மறந்தாலும் பதினான்கு நாட் கணக்கைச் சுவரிலே கரிக்கோடிட்டு வைத்திருப்பவர்கள் அவர்களே.

கிருமிநாசினி பற்றி ஒரு சொல். தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளை நாம் வீட்டில் வைத்திருக்கின்றோம். அவை இவ்வைரசைக் கொல்வதில்லை; அன்றியும், தரையை மிதித்துப் பாதத்தை நக்கும் பூனைக்கே அவை நஞ்சாகும். துணி வெளுக்கும் குளோரின் திரவமே உகந்தது. தரையை முதலில் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவி, பின்னர் 1 பங்கு திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுக் கழுவிக் காயவிடுக. அழுக்கின்மேல் ஊற்றினால் பயனில்லை. வேறெந்தத் திரவத்தோடும் அதனைக் கலக்கலாகாது. நோயுற்ற குட்டிக்கு மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்போருக்கும் எச்சரிக்கை செய்கின்றேன்: பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

பதினான்கு நாளிலும் வெளிப்படாத நோய்கள் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. சளிக்காய்ச்சல் வைரசுகளுள் ஒன்றான ஹேர்ப்பீசு, நோய் மாறிய பின்னும் உடலில் உறங்கிக் கிடந்து, இடமாற்றம் முதலிய கலக்கம் நேர்ந்தால் விழித்தெழும். தலையிலும் காதிலும் வட்ட வட்டமாக மயிர் உதிர்க்கும் படர்தாமரை, பூனையிலிருந்து பூனைக்கும் பிள்ளைகளுக்கும் பரவும். இன்னும் மறைவானது பூனை வெண்குருதிப் புற்று வைரசு. கிளாஸ்கோ நகரிலே ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகள் பல ஒன்றன்பின் ஒன்றாகப் புற்றுநோய் கண்டன. இது தற்செயலாகாது என ஆராய்ந்த வில்லியம் ஜரெட் என்பவர் 1964ஆம் ஆண்டில் அவ்வைரசைக் கண்டு வெளியிட்டார். ஒன்றையொன்று நக்குவதாலும் ஒரே பிங்கானில் உண்பதாலும் அது பரவும். ஆண்பூனைகள் சண்டையிட்டுக் கடிப்பதால் பரவும் வேறொரு வைரசு 1986ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலே கண்டறியப்பட்டது. இவ்விரண்டையும் சில துளிக் குருதியைக் கொண்டு சோதித்தறியலாம். அவ்வசதி எங்குள்ளது என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிக.

தீவு என்பதனால் பாதுகாப்பு உண்டென்று எண்ணவும் இடமில்லை. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரசுத் தீவிலே 2023ஆம் ஆண்டில் பூனைகளுக்குரிய கொரோனா வைரசின் புதிய வகையொன்று, பூனைகளின் வயிற்றில் நீர்கோத்துக் கொல்லும் நோயாகப் பரவியது. அங்கிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பூனையொன்றிலும் அவ்வகை அதே ஆண்டிலே கண்டறியப்பட்டது. அன்பாக அழைத்துச் செல்லப்பட்ட ஒரு பூனையோடு கடல் தாண்டியது அந்நோய்.

தனிமை ஒரு வேலி. அவ்வேலிக்குள்ளே நிற்கும் அரண் தடுப்பூசி. மதிலேறித் திரியும் நமது பூனையை வேலி எவ்வளவு காலம் காக்கும்? கழிச்சல் நோயையும் இருவகைச் சளிக்காய்ச்சலையும் தடுக்கும் கூட்டூசி ஒன்றுண்டு. பூனைக்குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் நிறையும் வரை அதனை இடுவர். ஏன் இத்தனை முறை என்று பலர் சலித்துக்கொள்வர். தாயின் சீம்பாலிலிருந்து குட்டி பெற்ற காப்பு, நோயைத் தடுப்பதுபோலவே ஊசி மருந்தையும் தடுத்துவிடும். அக்காப்பு எந்த வாரத்தில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஆதலால் முதலூசியோடு நிறுத்திக்கொண்டவரின் குட்டி, ஊசியிட்டும் மாண்டது என்ற பழி ஊசிக்கு வருகின்றது. ஓராண்டுக்குள் மீண்டும் ஒருமுறையும், அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் இட்டால் போதும். சினையுற்ற பூனைக்கு மட்டும் வைத்தியரைக் கேளாது இடலாகாது. புதிய பூனையைக் கொண்டுவரத் தீர்மானித்த வீட்டார், அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே பழைய பூனைக்கு ஊசியிட்டுவிடுதல் மிக நன்று. பிள்ளைகள் முன்னறிவித்தலின்றியே தூக்கி வந்துவிட்டால், அடுத்த நாளே பழைய பூனையை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்குமே அரச கால்நடை வைத்திய அலுவலகம் என்று எண்ணிப் பூனையைத் தூக்கிச் செல்ல நாணுவோர் நம்மிடையே உளர், நாணத் தேவையில்லை.

விசர் நோயைக் கூறாது விடமுடியாது. அது பூனைக்கும் வரும். பூனையிடமிருந்து மனிதனுக்கும் வரும். வெளிப்பட மாதக்கணக்கும் ஆகலாம் என்பதால் பதினான்கு நாட் தனிமை அதற்கு விடையாகாது. இந்நாட்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது 1893ஆம் ஆண்டிலே. 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி இட்டு வந்ததன் பயனாகவே அத்தொகை இன்று மிகவும் குறைந்துள்ளது. நாய்க்கு விசரூசி இடும் நாளிலே பூனையையும் கொண்டு செல்லுங்கள். வந்த பூனை பிள்ளையைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். சிறு கீறல்தானே என்று மஞ்சள் தடவி இருந்துவிடலாகாது.

பதினான்கு நாளும் குட்டி நன்றாக உண்டு, கண்ணும் மூக்கும் உலர்ந்து, மலம் இறுகி இருந்தால், பதினைந்தாம் நாள் கதவை மலரத் திறந்துவிட அவசரப்பட வேண்டாம். குட்டி படுத்த துணியைப் பழைய பூனையின் அருகிலும், பழைய பூனையின் துணியைக் குட்டியின் அருகிலும் இரண்டு நாள் போட்டு வைக்க. பூனைக்கு முகத்தைவிட வாசனையே அடையாளம். பின்னர் கதவின் இருபுறமும் பிங்கானை வைத்து, ஒன்றின் உறுமலை மற்றொன்று கேட்டபடியே இரண்டும் உண்ணட்டும். அதன்பின் கதவை ஒரு சாண் திறந்து வைக்கலாம். பழைய பூனை முதல் நாள் சீறும். அடுத்த நாள் முதுகு காட்டி அமர்ந்திருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மீன் அரியும் வேளையில் இரண்டும் ஒருங்கே அடுப்படிக்கு வந்து நிற்பதைக் காண்பீர்கள்.